குழந்தைகளின் வைத்தியர் மரிய மாண்டிசோரி அம்மையார்



நம் பங்கில் விடியற்காலை நாலு மணிக்கு விளக்கு எரியாத வீடு குறைவு. திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து மலையேறி ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். தாயும் தகப்பனும் புறப்பட்ட பிறகு வீட்டில் மிஞ்சுவது யார்? வயதான பாட்டியும், பள்ளிக்கூடம் போகும் வயது வராத சிறு பிள்ளையுந்தான். அந்தப் பிள்ளை பகல் முழுவதும் என்ன செய்கிறது, எதைத் தொடுகிறது, யாரோடு பேசுகிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? விழுந்து அடிபடாமலும் காய்ச்சல் வராமலும் இருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். இப்போது பாட்டியின் கைக்கும் ஒரு செல்போன் வந்துவிட்டது. பிள்ளை அழுதால் அதைக் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இதே கேள்வியை நூறு வருஷங்களுக்கு முன்பே உரோமாபுரியில் ஒரு பெண் வைத்தியர் கேட்டார். அவர்தான் மரிய மாண்டிசோரி அம்மையார். ஊருக்கு ஊர் அவர் பெயர் தாங்கிய பள்ளிக்கூடப் பலகைகள் தொங்குகின்றன. அது ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் என்பதும், பெரியகுளத்துக்கு மேலே நிற்கும் கொடைக்கானல் மலையில் இரண்டு வருஷம் குடியிருந்தவர் என்பதும் நம்மவர் பலர் அறியாத சங்கதி. ஆதலால் இந்த வாரம் அவருடைய சரிதையைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன்.

அவர் 1870-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி இத்தாலி தேசத்தில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். (வேலூர் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்த ஐடா ஸ்கட்டர் அம்மையாரும் அதே 1870-ல்தான் நம் இராணிப்பேட்டையில் பிறந்தார். இரண்டு பெண் வைத்தியர்களை ஒரே வருஷத்தில் உலகத்துக்குக் கொடுத்த சர்வேசுரனுடைய பராமரிப்பை என்னவென்பது!) தகப்பனார் அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகஸ்தர், பழைய கட்டுப்பாடுகளில் பிடிவாதமுள்ளவர். தாயார் ரெனில்தே படிப்பில் ஆசை மிகுந்தவர். மகள் வைத்தியம் படிக்க வேண்டுமென்று கேட்டபோது தகப்பனார் முகங்கொடுக்கவில்லை. தாயார் துணை நின்றார். அக்காலத்தில் ஆண் மாணாக்கர்களோடு சேர்ந்து பிரேத பரிசோதனை செய்வது ஒரு பெண்ணுக்கு ஏற்றதல்ல என்று கருதப்பட்டது. ஆதலால் எல்லாரும் போன பிறகு, தன்னந்தனியாய்ப் பிரேதங்களின் நடுவே நின்று அவர் அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியிருந்தது. கடைசி இரண்டு வருஷங்கள் குழந்தை வைத்தியத்திலும் மனநோய் வைத்தியத்திலும் விசேஷமாய்ப் பயிற்சி பெற்று, 1896-ம் வருஷம் ஜூலை மாதம் பட்டம் பெற்றார். இத்தாலியில் வைத்தியப் பட்டம் பெற்ற முதற்பெண்களில் அவரும் ஒருவர்.

அந்த இளம் வைத்தியரைப் பற்றி ஒரு சம்பவம் வழங்குகிறது. ஓர் ஏழை வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, சாகும் தறுவாயில் கிடந்தன. மாண்டிசோரி அம்மையார் உள்ளே நுழைந்ததும் மருந்துச் சீட்டு எழுத உட்காரவில்லை. அடுப்பை மூட்டினார். களைத்துக் கிடந்த தாயைத் தூங்கச் சொன்னார். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஆகாரம் தயார் செய்து கொடுத்தார். பிள்ளைகள் பிழைத்தன. தாய்க்குத் தூக்கமில்லாத வீட்டில் பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்து என்ன பிரயோசனம்? இதை ஒரு நொடியில் கண்டுகொண்ட வைத்தியர் அவர்.

பட்டம் பெற்ற பின் உரோமாபுரியின் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்கு அடிக்கடி போய்வந்தார். அங்கே புத்தி மந்தமான சிறு பிள்ளைகளையும் பெரியவர்களோடு வெறும் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காவற்காரி அருவருப்போடு காட்டினாளாம். அம்மையார் சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் கையால் தொட்டு விளையாட வேறு ஒரு பொருளும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் பசி வயிற்றுப் பசியல்ல, கையின் பசி என்று அவருக்குத் தோன்றிற்று. இத்தார், செகேன் என்னும் இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள் எழுதிவைத்த நூல்களைத் தேடிப் படித்தார். 1900-ல் இத்தகைய பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட ஒரு கல்விச்சாலையை நடத்தும் பொறுப்பு அவரிடமும் மொந்தெசானோ என்னும் வைத்தியரிடமும் ஒப்புவிக்கப்பட்டது. உதவாக்கரை என்று தள்ளப்பட்ட பிள்ளைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளுக்கு வைக்கும் பரீட்சையிலேயே தேறினார்கள். ஊரெல்லாம் அதிசயப்பட்டது. அம்மையாருக்கோ வேறொரு கவலை. இந்தப் பிள்ளைகளால் இவ்வளவு முடியுமானால், நல்ல புத்தியுள்ள பிள்ளைகளை இதே மட்டத்தில் நிறுத்திவைத்திருக்கும் பள்ளிக்கூடங்களில் ஏதோ கோளாறு இருக்க வேண்டுமல்லவா?

இந்த இடத்தில் ஒரு துக்கமான காரியத்தைச் சொல்ல வேண்டும். பழைய சரிதைகள் பல இதை மறைத்துவிட்டன. நானும் மறைத்துவிடலாம், ஆனால் மறைத்தால் இந்த அம்மையாரை நீங்கள் பாதிதான் அறிவீர்கள். மேற்சொன்ன மொந்தெசானோவுக்கும் அவருக்கும் இருந்த சிநேகத்தில், விவாகமில்லாமலே, 1898-ம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மாரியோ. வெளியே தெரிந்தால் மானமும் உத்தியோகமும் போய்விடும் என்று குழந்தை இரகசியமாய் நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர விடப்பட்டது. சில வருஷங்களில் மொந்தெசானோ வேறொரு பெண்ணை விவாகஞ் செய்துகொண்டார். மாண்டிசோரி அம்மையார் அந்தக் கல்விச்சாலையை விட்டு விலகினார். மகனைப் பார்க்க அவ்வப்போது போவார். தாய் என்று சொல்லிக்கொள்ளமாட்டார். பிள்ளைக்கோ, எப்போதாவது வந்துபோகும் ஓர் அழகான சீமாட்டி அவர், அவ்வளவே.

நடந்தது பாவமென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாவத்தின் பாரம் முழுவதும் யார் தலையில் விழுந்தது என்பதையும் கவனியுங்கள். தகப்பன் விவாகஞ்செய்து உத்தியோகத்தில் நிலைத்தான். தாயும் பிள்ளையும் பதினைந்து வருஷம் பிரிந்திருந்தார்கள். நம் ஊர்களிலும் இப்படி நடந்தால் நாம் யாரைச் சுட்டிப் பேசுகிறோம், யாரைச் சும்மா விடுகிறோம் என்று நீங்களே அறிவீர்கள். உலகத்தின் குழந்தைகளையெல்லாம் மடியில் வைத்துக்கொண்ட பெண்ணின் மடியில் சொந்தக் குழந்தை இல்லை. அந்த வேதனைதான் அவரை மற்றவர்களுடைய பிள்ளைகளிடம் இழுத்ததோ என்று நான் நினைப்பதுண்டு.

1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. இதற்குக் காரணம் தர்மமல்ல, சுவர்கள்! அங்கே புதுப்பித்துக் கட்டிய வீடுகளில் கூலிக்காரக் குடும்பங்கள் குடியேறியிருந்தன. தாய் தகப்பன் விடிந்ததும் வேலைக்குப் போக, ஐம்பது அறுபது பிள்ளைகள் படிக்கட்டுகளில் அலைந்து சுவர்களைக் கீறி நாசமாக்கின. சொந்தக்காரர்கள் பார்த்தார்கள், ஓர் அறையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் சுவரைச் செப்பனிடும் செலவு மிஞ்சுமென்று கணக்குப் போட்டு, மாண்டிசோரி அம்மையாரை அழைத்தார்கள். அவருக்கு அப்போது வயது முப்பத்தாறு. பேராசிரியை, பேர்பெற்ற வைத்தியர். இருந்தும் சம்மதித்தார்.

நம் வாசகர்கள், முக்கியமாய்த் தாய்மார்கள், கவனிக்க வேண்டியது அந்த இல்லத்தின் சட்டதிட்டங்களைத்தான். வீட்டாரிடம் பணம் வாங்கவில்லை. வேறு இரண்டு காரியம் கேட்டார்கள். பிள்ளை குளித்துச் சுத்தமான உடையோடு வர வேண்டும். தாயானவள் வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து, வீட்டில் பிள்ளை எப்படியிருக்கிறது என்று ஆசிரியையிடம் சொல்ல வேண்டும். இல்லத்தில் எப்படியிருக்கிறது என்று கேட்டுப்போக வேண்டும். ஆசிரியை அதே குடியிருப்பில் வசித்தாள். எந்நேரமும் போய்ப் பேசலாம். பிள்ளைகளைப் பார்க்க வைத்தியர் உண்டு. நிறையும் உயரமும் தவறாமல் அளந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் குறிப்பு எழுதப்பட்டது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பது பாதி வைத்தியம். பிள்ளை வளர்கிறதா என்று நோயில்லாத நாளிலும் பார்ப்பது மீதிப் பாதி என்று அம்மையார் கொண்டிருந்தார்.

அவர் கண்ட அதிசயங்கள் அநேகம். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, துளைகளுக்குள் மரக்கட்டைகளைப் பொருத்தும் விளையாட்டில் ஈடுபட்டிருந்தாள். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்து, தூங்கி எழுந்தவளைப்போல் சந்தோஷமாய் எழுந்தாள். இன்னொரு நாள், மூக்கைச் சத்தமில்லாமல் சிந்துவது எப்படி என்று கைக்குட்டையை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தார். அவர்களோ கைதட்டி ஆரவாரஞ் செய்தார்கள். யோசித்துப் பார்த்தார். மூக்கு ஒழுகுகிறது என்று எல்லாரும் பிள்ளைகளைத் திட்டினார்களே தவிர, எப்படிச் சிந்துவது என்று ஒருவராவது மரியாதையாய்ச் சொல்லிக்கொடுக்கவில்லை! சிறு பிள்ளைக்கும் மானமுண்டு என்பதை அவர் அந்த மூக்கிலிருந்து கற்றுக்கொண்டார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு அங்கன்வாடி ஞாபகம் வருகிறதல்லவா? 1975-ம் வருஷம் தொடங்கிய திட்டம் அது. அங்கேயும் பிள்ளையை நிறுத்துப் பார்க்கிறார்கள், குறித்துக்கொள்ளுகிறார்கள். ஆனால் சத்துமாவு வாங்கத்தான் அங்கே போகிறோம். அட்டையில் எழுதியிருப்பதைக் கேட்டறிகிறவர்கள் எத்தனை பேர்? புதன்கிழமை தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகிறீர்கள். ஊசி போட்டதும் அழும் பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். நாலு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லையா, பத்து மாதமாகியும் உட்காரவில்லையா, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட வரவில்லையா, இவற்றை வைத்தியரிடமும் கிராம செவிலியரிடமும் வாய்திறந்து கேளுங்கள். தகப்பனும் தாமதமாய்த்தான் பேசினான் என்று பாட்டி சமாதானம் சொல்லுவாள். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் காது கேளாத பிள்ளையாயிருந்தால், நாம் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அதற்கு நஷ்டம். வைத்தியர்களும் தாயை ஒரு வார்த்தை கேட்டால் நல்லது: அவள் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, வீட்டில் புருஷன் குடிக்கிறானா? வரிசையில் நூறு பேர் நிற்கும்போது இதற்கு நேரமேது என்பார்கள். நியாயந்தான். ஆயினும் பிள்ளையின் ஆரோக்கியம் அந்தக் கேள்விகளிலும் அடங்கியிருக்கிறது.

செல்போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை வேண்டாமென்றும், நாலு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாதென்றும் உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-ம் வருஷம் அறிவித்தது. ரொட்டித் துணுக்குப் பொறுக்கிய அந்தப் பிள்ளைகளின் கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பயறு பொறுக்க, தண்ணீர் ஊற்ற, பாத்திரம் துடைக்க, துணி மடிக்க, பாட்டியோடு பூப்பறிக்க விட்டால் போதும். விலை கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம்.

மீண்டும் சரிதைக்கு வருவோம். இரண்டு மூன்று வருஷங்களில் அவர் புகழ் தேசந்தோறும் பரவிற்று. 1912-ல் தாயார் மரித்தார். அடுத்த வருஷம், பதினைந்து வயதான மாரியோ, வந்திருந்த அந்தச் சீமாட்டியை நேரே பார்த்து, நீர்தான் என் தாய் என்பதை அறிவேன், என்னைக் கூட்டிப்போம் என்றான். கூட்டிப்போனார். அன்றுமுதல் சாகும்வரை அவன் அவரை விட்டுப் பிரியவில்லை. ஆனால் உலகத்தாரிடம் மருமகன் என்றும் வளர்ப்பு மகன் என்றுமே சொல்லிவந்தார்கள்.

பின்பு பார்சலோனா நகரில் பல வருஷம் இருந்தார். அங்கே பிள்ளைகளின் அளவுக்கேற்ற சிறு நாற்காலிகளும் சிறு பீடமும் வைத்து, ஞானோபதேசத்தையும் பூசையின் அர்த்தத்தையும் பிள்ளைகள் கையால் தொட்டுக் கற்கும்படி ஒரு தனியிடம் ஏற்படுத்தப்பட்டது. பூசைக்கான அப்பத்துக்குக் கோதுமையும், இரசத்துக்குத் திராட்சையும் பிள்ளைகளே பயிரிட்டார்கள். திராட்சைக் கொடியின் கீழேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளில், பீடத்தின் இரசத்தையும் தகப்பனுடைய தோட்டத்தையும் சேர்த்து நினைக்கிறவர்கள் எத்தனை பேரோ! ஞானோபதேச உபாத்திமார்கள் இதைச் சிந்திக்கலாம்.

கத்தோலிக்கர் சிலர் அவரைச் சந்தேகித்ததும் உண்மை. பிள்ளைகளுக்கு இவ்வளவு சுதந்தரம் கொடுத்தால் ஜென்மப் பாவத்தின் போதனை என்னாகும் என்று கேட்டார்கள். அவருடைய அறையில் பிள்ளை வேண்டிய வேலையைத் தெரிந்துகொள்ளலாம். மற்றவனைத் தொந்தரவு செய்யவோ பொருளை நாசமாக்கவோ கூடாது. இதில் வேத விரோதம் எதையும் நான் காணவில்லை. முசோலினியின் ஆட்சிக்கு அவர் வளைந்துகொடுக்காமல் போனதால் 1934-ல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அறுபத்தாறு வயதில் மறுபடியும் பரதேசியாய் ஒல்லாந்து தேசம் போனார்.

1939-ம் வருஷம் அருண்டேல் துரையும் ருக்மிணி தேவி அம்மையாரும் அழைக்க, மாரியோவோடு சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். பிரம்ம ஞான சபையார் இடத்தில் ஓலைக் கொட்டகைகளில் பாடம். பல மாகாணங்களிலிருந்தும் முந்நூறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர் இத்தாலிய பாஷையில் பேச, மாரியோ இங்கிலீஷில் சொன்னார். அந்தச் சபையின் கொள்கை நம்முடையதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். இடங்கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்ன அம்மையார் கத்தோலிக்கராகவே இருந்தார்.

சில மாதங்களில் திரும்பிப் போகவிருந்தவரை யுத்தம் தடுத்தது. 1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, இத்தாலியர் எல்லாரும் அரசாங்கத்துக்குச் சத்துருக்களானார்கள். மாரியோவை ஆமத்நகர் காவல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாறை விட்டு வெளியேறக் கூடாதென்று கட்டளையாயிற்று. ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு எழுபது வயது நிரம்புகிறது. அந்தச் சமயத்தில் வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாளுக்கு என்ன வெகுமதி அனுப்பலாமென்று யோசித்ததாகவும், மகனைத் திருப்பி அனுப்புவதே மேலான வெகுமதியென்று தீர்மானித்ததாகவும் அதில் எழுதியிருந்தது. மருமகனென்றல்ல, வளர்ப்பு மகனென்றல்ல, மகனென்று. நாற்பத்திரண்டு வருஷம் வாய்திறந்து சொல்லக்கூடாமலிருந்த ஒரு சொல்லை, சத்துரு தேசத்து அதிகாரி ஒருவர் காகிதத்தில் எழுதி அனுப்பினார். அந்தத் தாயின் உள்ளம் என்ன பட்டிருக்கும் என்பதைப் பெற்றவர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

1942-ல் இருவரும் கொடைக்கானலுக்குக் குடிபெயர்ந்து, 1944 வரை அங்கே இருந்தார்கள். யுத்தகாலமாகையால் மலையில் தங்கியிருந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துச் சிறு பள்ளி நடத்தினார். சின்னதும் பெரியதுமாய்ப் பல வயதுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ். புத்தகத்தைவிட மலையே பாடம். செடி கொடி, பூச்சி, பிராணி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் படித்தார்கள். சிருஷ்டி முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்து ஒன்றுக்கொன்று ஊழியஞ் செய்கிறது என்று பெரிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அவர் அங்கேதான் விரிவாய் வகுத்தார்.

பிறந்த குழந்தையின் முதல் மூன்று வருஷங்களைப் பற்றி அவர் ஆழ்ந்து பேசத் தொடங்கியதும் நம் தேசத்தில்தான். ஐரோப்பாவில் வசதியுள்ளவர்கள் குழந்தையைத் தொட்டிலில் போட்டுத் தனியறையில் விட்டுவிடுவார்கள். இங்கேயோ தாய் இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்குவதில்லை. சந்தைக்குப் போனாலும் கூடவே. விலை பேசுவதைக் கேட்கிறது, சண்டையைக் கேட்கிறது, நிறங்களையும் முகங்களையும் பார்க்கிறது. கற்றுக்கொடுக்க ஒருவருமில்லாமலே பாஷை முழுவதும் உள்ளே போய்விடுகிறது. இப்படித் தாயோடு சுமக்கப்படும் பிள்ளை அழுவதும் குறைவு என்று அவர் எடுத்துக்காட்டினார். நம் பாட்டிமார் செய்துவந்ததைத்தான் சொன்னார். நாமோ இப்போது ஐரோப்பியர் விட்ட தொட்டிலை நோக்கி நடக்கிறோம். குழந்தை பிறந்தவுடன் தாயையும் பிள்ளையையும் பிரித்துவைக்கும் ஆஸ்பத்திரி வழக்கத்தையும் கண்டித்தார். அடையாறில் 1949-ம் வருஷம் அச்சான அவர் புத்தகம் ஒன்று இன்று உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. பிறந்த குழந்தையையும் தாயையும் பராமரிக்கிறவர்களைப் பழக்குவதற்கென்றே 1947-ல் உரோமாபுரியில் ஒரு பள்ளியும் ஏற்பட்டது.

யுத்தம் முடிந்து 1946-ல் ஐரோப்பா திரும்பியும், மறுவருஷமே இந்தியாவுக்கு மீண்டும் வந்தார். மூன்று முறை நோபல் சமாதானப் பரிசுக்கு அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது, கிடைக்கவில்லை. 1952-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி ஒல்லாந்து தேசத்தில் கடலோரமுள்ள நூர்த்வைக் என்னும் ஊரில் இருந்தார். ஆப்பிரிக்கா தேசத்தில் பிள்ளைகளுக்கு உபாத்திமார் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். எண்பத்தோரு வயதில் அங்கே போவதைப் பற்றி மாரியோவோடு பேசிக்கொண்டிருந்தவர், சற்று நேரத்துக்கெல்லாம் மரித்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். மாரியோ இன்னும் முப்பது வருஷம் தாயின் வேலையை நடத்தி, 1982-ல் மரித்தார்.